யாரும் கேட்காத கைப்பிரதியை எழுதி முடிப்பது

தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளருக்கும் பதிப்பகத்தின் வழியே வருகிறவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பணம், விற்பனை, விளம்பரம் ஆகிய மூன்றுமே முன்னால் வந்து நிற்கின்றன. சில ஆண்டுகளாகச் சொந்தமாக நூல்களை வெளியிட்டும், என்னைப் போன்ற பிறரின் கைப்பிரதிகளை அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்தி, அதாவது மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தும் வருகிற எனக்கு, இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று கண்ணில் படுகிறது. தனியாக இயங்கும் எழுத்தாளரிடம் "அந்த அத்தியாயம் என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்கு ஆள் கிடையாது. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவருக்குக் கெடு உண்டு. பத்திரிகையில் தொடர் எழுதுகிறவரை ஆசிரியர் குழு வாரந்தோறும் நெருக்கும். புதிதாக எழுத வந்து, தானே வெளியிடுவதென்று தீர்மானித்தவர் இன்றைக்கு எழுதாமல் இருந்துவிட்டால், உலகில் எவருக்கும் ஒரு குறையும் நேர்ந்துவிடாது. நான் பார்த்தவரையில், பாதியில் நின்றுபோன கைப்பிரதிகளில் பெரும்பாலானவை இதனால்தான் நின்றன.

"நேரமில்லை" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதை நான் முழுவதும் நம்புவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நாள் முழுவதையும் தன் கையில் வைத்திருந்த ஒருவர், நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டு ஆண்டுகளைக் கழித்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆறாவது அத்தியாயம் வராததற்கு நேரம் காரணமில்லை. அது வந்தாலும் வராவிட்டாலும் கேட்பாரில்லை என்பதும், ஏற்கெனவே எழுதியதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடச் சுகமான வேலை என்பதும்தான் காரணம்.

இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் சுழற்சி முறையில் பணியாற்றும் செவிலியர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தேன். ஒரு வாரம் காலைப் பணி, மறு வாரம் இரவுப் பணி என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு, விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்ற பரவலான அறிவுரையால் ஒரு பயனும் கிடையாது. அவர் தன் எழுத்தைக் கடிகாரத்தோடு பிணைக்காமல் ஒரு செயலோடு பிணைத்து வைத்திருந்தார். பணி முடிந்து சீருடையை மாற்றிய பின், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், உடைமாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் சிறிது நேரம் தட்டச்சு செய்வார். எந்த நேரத்துப் பணியாக இருந்தாலும் சீருடை மாற்றியாக வேண்டும் என்பதால், எழுத்தும் தவறாமல் நடந்தது. அவர் எனக்கு அனுப்பிய கோப்பில், நீக்காமல் விடப்பட்ட அடைப்புக்குறி வரிகள் அங்கங்கே எஞ்சியிருந்தன. "(சாவி இன்னும் அவனிடம்தான். நாளை: அவள் கதவைத் தட்டுகிறாள், திறப்பது அவனுடைய தாய்.)" இப்படி ஒன்று. இவை என்னவென்று கேட்டபோது, ஒவ்வொரு நாளும் நிறுத்தும் இடத்தில் மறுநாளுக்கென்று எழுதிவைத்த குறிப்புகள் என்றார். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து அமர்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்குத் தெம்பு இருக்காது. கதவைத் தட்டும் காட்சியை எழுதுவதற்கு மட்டும் இருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத நிலையில், முந்தைய நாளின் அவரே அடுத்த நாளின் அவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

எழுத்துப் பழக்கம் என்றவுடன் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப்பைச் சொல்லாதவர்கள் குறைவு. அஞ்சல் துறையில் அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த அவர், காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தனக்கே அளவு விதித்துக்கொண்டவர். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், வெளிவந்த தன்வரலாற்றில் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். இன்றைக்கு இதைப் படிக்கும் புதிய எழுத்தாளர்கள் 250 என்னும் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தி அதைவிடப் பயனுள்ளது: ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி நேரத்தை முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே செலவிட்டிருக்கிறார். நிறுத்திய இடத்துக்குத் திரும்ப வந்து சேர்வதற்கு அவ்வளவு பெரிய உழைப்பாளிக்கும் ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது. செவிலியரின் அடைப்புக்குறி வரியும் அந்த வழிதான். அரை மணி நேரம் இல்லாதவருக்கு ஏற்ற சுருக்கப் பதிப்பு.

சொற்களை எண்ணும் பழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. முதல் வரைவுக் காலத்தில் அது உதவும், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது அளவுதான். செம்மையாக்கக் காலத்தில் அதே பழக்கம் கெடுதல் செய்கிறது. ஒரு மாலை முழுவதும் உழைத்து, தளர்ந்து கிடந்த இரண்டு பக்கங்களை அரைப் பக்கமாக இறுக்கிய எழுத்தாளருக்கு, கைபேசிச் செயலி அன்றைய கணக்காகப் பூஜ்யத்துக்கும் கீழான ஓர் எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து, வெட்டிய பத்தியைத் திரும்பச் சேர்த்தவர்களும் உண்டு. ஆகவே செம்மையாக்கும்போது நேரத்தையோ, பார்த்து முடித்த பக்கங்களையோ கணக்கில் வைப்பதுதான் சரி. வெட்டிய பகுதிகளை அழிக்காமல் தனிக் கோப்பொன்றில் சேர்த்து வைத்தால் வெட்டுவதற்குத் தயக்கம் குறையும். அந்தக் கோப்பிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப்படுவது மிகச் சொற்பமே என்பதைக் காலப்போக்கில் அவரவரே கண்டுகொள்வார்கள்.

நம் பக்கங்களுக்காகக் காத்திருக்கும் ஆளைத் தேடிக்கொள்வதற்கு நாங்கள் நால்வர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் அந்த வாரம் எழுதிய பக்கங்களை மற்ற மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அனுப்ப வேண்டும். மன்னிப்புக் குறிப்பு எதையும் சேர்க்கக்கூடாது. படிப்பவர்கள் மொழியைப் பற்றியும் நடையைப் பற்றியும் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்: எந்த இடத்தில் கவனம் நழுவியது, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? முதல் வரைவில் நடையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கினால் எழுதுபவர் பின்னோக்கித் திரும்பிவிடுவார் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களோ முன்னோக்கித் தள்ளுகின்றன. ஒருவர், தங்கைதான் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைப்பதாக எழுதுவார். தங்கையைப் பற்றி அப்படியோர் எண்ணமே இல்லாத எழுத்தாளர் அன்றிரவு தூங்கமாட்டார்.

ஏற்பாட்டின் இன்னொரு விதி, ஒருமுறை அனுப்பிய அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி அனுப்ப அனுமதியில்லை என்பது. மேலே சொன்ன ஓய்வுபெற்ற நண்பர் எங்களோடு சேர்ந்தபோது அவருக்காகவே கொண்டுவந்த விதி இது. முதல் ஐந்து அத்தியாயங்களையும் முதல் வாரத்திலேயே மொத்தமாக அனுப்பிவிட்டதால், அடுத்த ஞாயிறு அவரிடம் அனுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஆறாவது அத்தியாயம் அப்படித்தான் பிறந்தது. பக்கங்கள் இல்லாத வாரத்தில், ஏன் இல்லை என்பதை மற்றவர்களுக்கு எழுதியாக வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். அந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்தால், அதற்குப் பதில் ஒரு பக்கம் கதையே எழுதிவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. விதியின் நோக்கமும் அதுதான். அந்த நண்பருடைய நாவல் நிறைவடைந்து வெளிவந்துவிட்டது. முதல் அத்தியாயத்தை எவ்வளவோ மெருகேற்றியும், கடைசியில் நூலில் அது இடம்பெறவில்லை.

தனியாக வெளியிட்ட நூல்களின் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தக் காத்திருக்கும் ஆள் எங்கேயோ தென்படுகிறார். ஆங்கிலச் சிறுவர் நூலாசிரியர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதை முதலில் நூலாக எழுதப்பட்டதன்று. 1893இல், உடல்நலமின்றிப் படுத்திருந்த சிறுவன் ஒருவனுக்கு அவர் படங்களோடு எழுதிய கடிதம் அது. பின்னாளில் அதை நூலாக்க விரும்பிப் பதிப்பகங்களை அணுகியபோது அவை மறுத்துவிட்டன. 1901ஆம் ஆண்டு டிசம்பரில் தன் செலவில் 250 படிகள் மட்டும் அச்சிட்டார். அடுத்த ஆண்டு பதிப்பகம் ஒன்று அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. பதிப்பகங்கள் ஏற்காததைத் தானே அச்சிட்டு வென்றார் என்று ஊக்கமூட்டும் கதையாக இது சொல்லப்படுகிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. கதை ஒரு குறிப்பிட்ட வாசகனை நோக்கி எழுதப்பட்டிருந்தது. முதல் அச்சு 250 என்ற சிற்றளவில் நின்றது. பொதுவான வாசகர் என்று யாரையோ மனத்தில் வைத்து எழுதும் புதியவர்களிடம், முகம் தெரிந்த ஒருவரின் பெயரைக் கைப்பிரதியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்று சொல்வேன். விளக்கம் மிகும் இடங்களும் குறையும் இடங்களும் தாமாகவே வெளிப்படும்.

இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுவதும் காத்திருப்பவர்களை உண்டாக்கும் வழிதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோனவரைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் தேவைப்படுகிறார் என்பதற்காக உயிர்ப்பிக்க முடியாது; வாசகர்கள் இறுதிச் சடங்குக்கே வந்துபோய்விட்டார்கள். வாரம் ஓர் அத்தியாயம் என்று அறிவிப்பதானால், குறைந்தது ஆறேழு அத்தியாயங்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. காய்ச்சலும் அலுவலக நெருக்கடியும் எந்தத் தொடரையும் விட்டுவைப்பதில்லை.

முழு வரைவும் முடிந்த பிறகு தேவைப்படும் முதல் வாசகர்கள் வேறு வகையினர். வீட்டாரிடம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: அவர்கள் நூலைப் படிப்பதில்லை, உங்களைப் படிப்பார்கள். சித்தியாக வரும் பாத்திரம் எந்தச் சித்தி என்னும் ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். நூல் எந்த வகையோ அந்த வகையை விரும்பிப் படிக்கும் மூவரைப் பிடிப்பதே உத்தமம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, அலுப்புத் தட்டிய இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, அடுத்த பக்கத்தைப் புரட்ட வைத்த இடத்தில் ஒரு புள்ளி போட்டுத் தரும்படி கேட்கலாம். மூவரில் இருவர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் அங்கே ஏதோ பழுது இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு அவர்கள் தரும் யோசனையைக் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் பழுது அந்தப் பக்கத்தில்கூட இருக்காது, இருபது பக்கம் முன்னால் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றில் இருக்கும்.

இனி, தனி எழுத்தாளரின் வாழ்க்கையில் எழுத்துக்கு மெய்யான எதிரி எது என்றால், அவரே தாங்கிக்கொண்டிருக்கும் மற்றொரு பதவிதான். அவர் எழுத்தாளர் மட்டுமில்லை, பதிப்பாளரும்கூட. அட்டை, எழுத்துரு, விலை, பின்னட்டைக் குறிப்பு, விற்பனைத் தளத்தின் கணக்கு, மதிப்புரை கேட்டு எழுதும் கடிதங்கள் என்று பதிப்பாளருக்குரிய வேலைகள் அத்தனையும் செய்த உடனே பலன் தெரியக்கூடியவை; எழுத்துவேலை அப்படிப்பட்டதன்று. ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் பதிப்பாளரே வெல்வார். நான் பதிப்பு வேலைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கி, மற்ற நாட்களில் அவற்றைத் தொடுவதில்லை. எழுதும் கணினியில் விற்பனைத் தளத்தின் கணக்கு உள்நுழைந்த நிலையில் இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டைக்கு ஓர் அருமையான யோசனை வந்தால் அதைத் தனிக் குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கடினமான காட்சியில் மாட்டிக்கொள்ளும்போதுதான் இத்தகைய யோசனைகள் அருமையாகத் தோன்றும் என்பதையும் கவனித்திருக்கிறேன். காலையில் எழுந்தவுடன் முந்தைய நாள் விற்பனையைப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒன்றும் விற்காத நாளில் அவர்களால் எழுத முடிவதில்லை, இரண்டு படிகள் விற்ற நாளிலும் முடிவதில்லை.

மெய்ப்புப் பார்ப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்லவேண்டியது வேலைகளின் வரிசையைப் பற்றி. கதையமைப்பைத் திருத்துவது முதலில், மொழியைச் செப்பனிடுவது அடுத்து, பக்க வடிவமைப்பு அதற்கடுத்து, மெய்ப்பு கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒற்றுப்பிழைகளை வரிவரியாகக் களைந்து கொடுத்த பிறகு, இரண்டு அத்தியாயங்களைப் புதிதாக எழுதிச் சேர்த்து அனுப்புகிறார்கள். செலவழித்த நேரமும் பணமும் அத்தோடு போயிற்று. வடிவமைப்புக்கு முன் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டதால் பின்னர் வேண்டாம் என்று விடுவதும் சரியன்று. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது சாய்வெழுத்துகள் காணாமல் போகும். பத்தியின் கடைசி ஒற்றை வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியே போய் உட்காரும். இவை கைப்பிரதியில் இல்லாத பிழைகள், ஆகவே கைப்பிரதியில் தேடினால் கிடைக்கமாட்டா.

சொந்த எழுத்தில் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு அக்கறைக் குறைவு காரணமன்று. என்ன எழுத நினைத்தோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், தாளில் இருப்பதற்குப் பதில் மனத்தில் இருப்பதையே கண் படித்துவிடுகிறது. எனவே தாளைக் கொஞ்சம் அந்நியமாக்க வேண்டும். எழுத்துருவையும் பக்க அகலத்தையும் மாற்றினால் வரிகள் வேறு இடங்களில் மடங்கும், கண் பழக்கத்தை இழக்கும். கைபேசியின் குரல்வாசிப்பு வசதியில் கேட்டுக்கொண்டே வரிகளைப் பின்தொடர்ந்தால், விடுபட்ட சொற்களும் இரண்டு முறை வந்த சொற்களும் உடனே பிடிபடும், ஏனென்றால் இயந்திரம் ஊகித்துப் படிப்பதில்லை. கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திவரை பின்னோக்கிப் படிப்பதும் பலன் தருகிறது. கதை இழுத்துக்கொண்டு போகாததால் சொற்கள் சொற்களாகவே தெரியும்.

மொத்தமாகத் தேடி மாற்றும் வசதியைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். ஒரு நாவலில் மணி என்னும் பாத்திரத்தின் பெயரை ரவி என்று மாற்ற விரும்பிய எழுத்தாளர், ஒரே சொடுக்கில் முழுக் கோப்பிலும் மாற்றிவிட்டு எனக்கு அனுப்பினார். பெயர் மாறியது உண்மைதான். கூடவே, "பத்து ரவிக்குப் பேருந்து புறப்பட்டது" என்ற வாக்கியமும், கோவிலில் ஒலிக்கும் ரவியோசையும், கண்ரவி என்றொரு பெண்ணும் நாவலுக்குள் வந்துவிட்டார்கள். சிரித்து முடித்த பின் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் முன்கூட்டியே செய்யக்கூடியது, எழுதத் தொடங்கும் நாளிலிருந்து ஒரு பக்கக் குறிப்பை வைத்துக்கொள்வது: பாத்திரங்களின் பெயர், அந்தப் பெயரை எழுதும் முறை, வயது, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், கதை நடக்கும் கிழமைகள், எண்களை எழுத்தால் எழுதுவதா இலக்கத்தால் எழுதுவதா, பிறமொழிச் சொற்களில் எந்த எழுத்துமுறை. தம்பி அண்ணனை முதல் பாதியில் நீங்கள் என்றும் இரண்டாம் பாதியில் நீ என்றும் விளிப்பது இந்தக் குறிப்பு இல்லாத நாவல்களில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. சண்டை வந்ததால் மாறியதோ என்று வாசகர் தேடிக்கொண்டிருப்பார்.

அச்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பக்க எண்ணிக்கை முடிவாகும்வரை அட்டையை முடிக்க முடியாது, ஏனென்றால் நூலின் முதுகின் அகலம் பக்கங்களையும் தாளையும் பொறுத்தது. தன் நூலைத் தானே வெளியிடுவோருக்கான அமேசானின் கேடிபி சேவையில், கேட்கும்போது கேட்ட படியை மட்டும் அச்சிடும் தேவைக்கேற்ற அச்சு முறையில், 240 பக்க நூலுக்கு வெள்ளைத் தாளில் முதுகு ஏறத்தாழ 13.7 மில்லிமீட்டர் வரும்; அதே நூலை மங்கிய மஞ்சள் தாளில் அச்சிட்டால் 15.2 ஆகிவிடும். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட்டால் முதுகில் தலைப்பு நடுவிலிருந்து விலகி நிற்கும். அட்டைப் படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி ஒவ்வொரு வெளி ஓரத்திலும் 3.2 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் என்னும் 13 இலக்க எண் அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. அச்சுப்பிழைகளைத் திருத்தியதற்காகப் புதிய எண் வாங்க வேண்டியதில்லை, உள்ளடக்கம் கணிசமாக மாறிப் புதிய பதிப்பாகும்போதுதான் வேண்டும். கேடிபி இலவசமாகத் தரும் எண்ணை அந்தத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்கலாம். திரையில் எவ்வளவு பார்த்திருந்தாலும் மாதிரிப் படி ஒன்றை வரவழைத்துக் கையில் பிடித்துப் பார்க்காமல் விற்பனையைத் திறக்கக்கூடாது. தைத்த பக்கமோ ஒட்டிய பக்கமோ, உள் ஓரம் போதாவிட்டால் வாசகர் நூலை முறித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்து இடுவதில் மட்டும் அவசரம் கூடாது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுத்தாளருடையதாகிவிடுகிறது; பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. ஆகவே புதிய எழுத்தாளர் கவனிக்கவேண்டியது உரிமையைப் பெறுவதைவிட அதைத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிடாமல் இருப்பதைத்தான். எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு பதிப்பகம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்: எந்த உரிமை எத்தனை ஆண்டுக்கு; ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வழி என்ன; அட்டை, பக்க வடிவமைப்பு ஆகியவற்றின் மூலக் கோப்புகள் யாருக்குச் சொந்தம். என் தோழி ஒருவர் முதல் இரண்டையும் கேட்டார், மூன்றாவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிறுவனம் மூலக் கோப்புகளைத் தர மறுத்ததால், இரண்டாம் பதிப்புக்கு மொத்த நூலையும் புதிதாக வடிவமைக்க நேர்ந்தது. மின்னூலில், கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. நிறுத்தச் சொல்லாவிட்டால் அது தானாகவே அடுத்த 90 நாட்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். தன் தளத்தில் இலவசமாக முதல் சில அத்தியாயங்களுக்கு மேல் வைத்திருப்பவர்கள் சேருமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூல் வெளிவந்த பிறகு ஒரு வெறுமை வரும். வாழ்த்துச் செய்திகள் ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். படித்தவர்கள் படித்ததைச் சொல்வதற்கு மாதங்கள் ஆகும். நெருங்கியவர்களில் சிலர் படிக்கவே மாட்டார்கள், அதைக் கேட்பதும் நாகரிகமன்று. இந்தக் காலத்தைக் கடப்பதற்கு நான் பார்த்தவற்றுள் பயன்பட்டது, வெளியீட்டு நாளுக்கு முன்பே அடுத்த கைப்பிரதியின் முதல் காட்சியையாவது எழுதிவைத்திருப்பது. எங்கள் நால்வரில் யாருடைய நூல் வெளிவந்தாலும், அந்த ஞாயிறும் அவர் பக்கங்களை அனுப்பியாக வேண்டும். செவிலியர் இப்போது எங்களோடு சேர விரும்புகிறார். ஞாயிறு இரவுப் பணி வரும் வாரங்களில் அவருக்குத் திங்கள் காலைவரை நேரம் தருவதா என்பதுதான் எங்களுக்குள் நடந்துகொண்டிருக்கும் விவாதம்.

வெளிவந்த நூலில் பிழை கண்டு வாசகர்கள் எழுதுவார்கள், அவர்களுக்கு நன்றி சொல்லத் தவறக்கூடாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி பதிவேற்றத் தொடங்கினால், பதிப்பாளர் வேலை திரும்பவும் மேசைக்கு ஏறிவிடும். பக்க எண், வரி, இருப்பது, இருக்கவேண்டியது என்று நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு பட்டியலில் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாகத் திருத்தினால் போதும். தேவைக்கேற்ற அச்சில் அடுத்த படியிலேயே திருத்தம் வந்துவிடும். மின்னூல் கோப்பையும் அச்சுக் கோப்பையும் ஒரே நாளில் திருத்துவது முக்கியம். ஒன்றை இன்றும் மற்றதைப் பிறகும் என்று விட்டால், அடுத்த முறை எந்தக் கோப்பு சரியானது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மாலை போய்விடும்.